அறுவை சிகிச்சைக்குப் பின் ஆறாம் ஆண்டில் ஏறிய ஐந்து கிலோ

கேட்டவர் ஆறு ஆண்டுகளுக்கு முன், எடை குறைவதற்காக இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றி அதைக் குறுகிய குழாயாக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அப்போது அவர் எடை 118 கிலோ. பதினெட்டாம் மாதத்தில் 74 கிலோ வரை இறங்கி, பிறகு மெல்ல 78-க்கு வந்து, மூன்று ஆண்டுகள் அதை ஒட்டியே நின்றிருக்கிறது. கடந்த எட்டு மாதங்களில் 83 ஆகிவிட்டது. இரைப்பை மறுபடி விரிந்துவிட்டதா, செய்த சிகிச்சை வீணாகிவிட்டதா, இன்னொரு அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டுமா என்று கேட்கிறார். இத்தகைய சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு உணவு ஆலோசனை சொல்வதே என் தொழில் என்பதால், இதே கேள்வியை வேறு வேறு எண்களோடு பலமுறை கேட்டிருக்கிறேன். உங்களுக்கு எழுதும் பதில், உங்கள் நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் எண்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 74-லிருந்து 83-க்கு ஒன்பது கிலோ ஏறிவிட்டது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நான் அதை அப்படிக் கணக்கிட மாட்டேன். 74 என்பது உங்கள் உடல் கடந்துபோன ஓர் எண். அது தங்கிய எண் 78. முதல் நான்கு கிலோ, இந்தச் சிகிச்சைக்குப் பின் ஏறத்தாழ எல்லோருக்கும் நேர்கிற படிதல், அதாவது உடல் ஒரு நிலையான எடைக்கு வந்து அமர்வது. மீதி ஐந்து கிலோதான் இப்போது கவனிக்க வேண்டியது. இந்த இரண்டையும் ஒன்றாகக் கூட்டிப் பார்ப்பவர்கள், 74-க்குத் திரும்பியாக வேண்டும் என்று பட்டினி கிடந்து, இரண்டு மாதத்தில் சலித்து, கடைசியில் அந்த ஐந்து கிலோவையும் கையாளாமல் விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

படிதல் என்று நான் சொல்வது சமாதானத்துக்காக அல்ல. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறு பையாக்கி நேரே சிறுகுடலோடு இணைக்கும் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை) செய்துகொண்டவர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில், சராசரி எடை இழப்பு இரண்டாம் ஆண்டில் 45 கிலோவாகவும், ஆறாம் ஆண்டில் 36.3 கிலோவாகவும், பன்னிரண்டாம் ஆண்டில் 35 கிலோவாகவும் இருந்தது. இரண்டுக்கும் ஆறுக்கும் நடுவே ஒன்பது கிலோ அளவுக்குத் திரும்பியது. அடுத்த ஆறு ஆண்டுகளில் ஒன்றரை கிலோகூடத் திரும்பவில்லை. 2018-ல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு, பைபாஸ் செய்துகொண்ட ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்டோரை, அவரவர் தொட்ட மிகக் குறைந்த எடையிலிருந்து கணக்கிட்டுப் பார்த்தது. இழந்த எடையில் எவ்வளவு பங்கு திரும்பியது என்பதன் இடைநிலை அளவு (பாதிப் பேருக்கு இதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதிகம்), அந்த எடையைத் தொட்டு ஓராண்டு கழித்து 9.5 விழுக்காடாகவும் ஐந்து ஆண்டு கழித்து 26.8 விழுக்காடாகவும் இருந்தது. நீங்கள் இழந்தது 44 கிலோ, திரும்பியது 9 கிலோ, அதாவது ஏறக்குறைய 20 விழுக்காடு. உங்களுடையது ஸ்லீவ், அவர்களுடையது பைபாஸ்; ஆகவே இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும் தொடக்க எடையில் 30 விழுக்காட்டை ஆறாம் ஆண்டிலும் இழந்தபடியே வைத்திருக்கும் ஒருவரைப் பார்த்துச் சிகிச்சை வீணானது என்று நான் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் எடை ஏன் ஏறுகிறது? அறுவை சிகிச்சை வயிற்றின் அளவைக் குறைக்கிறது என்பது பாதி விளக்கம் மட்டுமே. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் அகற்றப்படும்போது, பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோனைப் பெருமளவில் சுரக்கும் மேற்பகுதியும் போய்விடுகிறது. உணவு வேகமாகச் சிறுகுடலை அடைவதால், நிறைவைத் தெரிவிக்கும் ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்கள் சாப்பிட்டவுடன் மிகுதியாகச் சுரக்கின்றன. முதல் ஆண்டில் பசியே இல்லை என்று பலரும் வியப்பதற்கு இதுவே காரணம். இந்த மாற்றங்கள் பெரும்பாலும் தொடர்கின்றன. ஆனால் எடை இழந்த உடல் தன் பங்குக்கு எதிர்வினை காட்டுகிறது. உடல் எடையில் பத்து விழுக்காடு குறைந்தாலே, உடலளவு குறைந்ததற்கு எதிர்பார்க்கத்தக்கதைவிடக் கூடுதலாக அன்றாட ஆற்றல் செலவு குறைகிறது என்பதை 1995-லேயே லீபல், ரோசன்பாம், ஹிர்ஷ் ஆகிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். எப்போதுமே 78 கிலோவாக இருந்தவரும், 118-லிருந்து 78-க்கு வந்தவரும் ஒரே அளவு சாப்பிட்டால், இரண்டாமவருக்கு எடை ஏறும் வாய்ப்பு அதிகம். இது மன உறுதி சம்பந்தப்பட்டது அல்ல. நொந்துகொள்வதை இங்கேயே நிறுத்திவிடுங்கள்; வேலை இன்னும் இருக்கிறது.

இரைப்பை விரிந்துவிட்டதா என்ற கேள்விக்கு: ஆம், ஓரளவு தளர்ந்திருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்லப் பெரும்பாலோருக்கு அப்படி ஆகிறது. முதல் ஆண்டில் நான்கு கரண்டியில் நிறைந்த வயிறு இப்போது ஒரு சிறிய தட்டு உணவை ஏற்பது இயல்பு. எடை நிலையாக இருந்த மூன்று ஆண்டுகளிலும் அது அப்படித்தான் இருந்திருக்கும் என்பதால், கடந்த எட்டு மாத ஏற்றத்துக்கு அதை மட்டும் காரணமாக்க முடியாது. அந்த எட்டு மாதங்களில் வேறு என்ன மாறியது என்று தேட வேண்டும்.

இங்கே ஒரு சிறு கணக்கு உதவும். ஒரு கிலோ உடற்கொழுப்பு தோராயமாக 7,700 கலோரி. ஐந்து கிலோ என்றால் 38,500. அதை 240 நாள்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 160 கலோரி. எடை ஏறும்போது உடலின் செலவும் கொஞ்சம் ஏறும் என்பதால் உண்மையான மிகை இதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். ஆனாலும் பாலும் சர்க்கரையும் சேர்த்த ஒரு கோப்பைத் தேநீர், கூடவே இரண்டு பிஸ்கட் என்ற அளவைத் தாண்டி அதிக தூரம் போகாது. வேளை உணவில் இந்த அளவு மிகை கண்ணுக்குத் தெரியாது. நினைவிலும் நிற்காது. முன்பு சாப்பிட்ட அளவுதான் சாப்பிடுகிறேன் என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் நம்புகிறேன். வேளை உணவைப் பொறுத்தவரை அது உண்மையாகவே இருக்கும்.

ஒருவர் என்னிடம் கொண்டுவந்த குறிப்பேடு இன்றும் நினைவில் இருக்கிறது. மூன்று நாள்கள் வாய்க்குள் போனது அனைத்தையும் எழுதச் சொல்லியிருந்தேன். கோடு போட்ட வரிகளில் காலை, மதியம், இரவு என்று மூன்று வேளைகளும் அழகான கையெழுத்தில், குறை சொல்ல முடியாதபடி இருந்தன. பக்கத்தின் ஓரத்தில், வெள்ளை விளிம்பில், பென்சிலால் பொடி எழுத்தில் வேறு சில இருந்தன: பிள்ளை மிச்சம் வைத்தது பாதி, உப்புப் பார்த்தது, அலுவலகத்தில் யாரோ கொடுத்த சாக்லேட் ஒன்று, தொலைக்காட்சி முன் ஒரு கைப்பிடி வறுத்த கடலை. மூன்று நாள்களில் பதினொன்று. அவற்றை ஏன் ஓரத்தில் எழுதினீர்கள் என்று கேட்டபோது, அவை சாப்பாடு இல்லையே என்றார். வரிகளில் இருந்ததில் நான் கை வைக்கவே இல்லை. அந்த விளிம்பை மட்டும் இருவரும் பேசி முடித்தோம்.

இந்த இடைக்கொறிப்பு ஸ்லீவும் பைபாஸும் செய்துகொண்டவர்களிடம் அதிகம் காணப்படுவதற்கு ஓர் இயந்திரவியல் காரணமும் உண்டு. குறுகிய இரைப்பையில் கெட்டியான, நார்ச்சத்துள்ள, புரதம் மிகுந்த உணவு மெதுவாக இறங்குகிறது; அவசரமாகச் சாப்பிட்டால் நெஞ்சில் அடைப்பதுபோல் இருக்கும். பிஸ்கட், ஐஸ்கிரீம், சாக்லேட், மொறுமொறுப்பான தின்பண்டங்கள் ஆகியவை வாயிலேயே கரைந்து வழுக்கிக்கொண்டு போய்விடும். அடைப்பைத் தவிர்க்க நினைப்பவர் தம்மை அறியாமல் எளிதில் இறங்கும் உணவை நோக்கி நகர்கிறார். மதிய உணவில் இரண்டு துண்டு இறைச்சியைச் சாப்பிட்டதும் போதும் என்று தட்டைத் தள்ளிவைத்தவர், நாற்பது நிமிடம் கழித்து ஐந்து பிஸ்கட்டைச் சிரமமே இல்லாமல் முடித்துவிடுவார். முதலாவது நிறைவைத் தந்தது, இரண்டாவது தரவில்லை. அறுவை சிகிச்சை தந்த கருவி இன்னமும் வேலை செய்கிறது. அந்தக் கருவியைத் தொடாத உணவு பக்கவழியாக உள்ளே போகிறது, அவ்வளவுதான்.

ஆகவே உணவில் நான் முதலில் சரிசெய்யச் சொல்வது அளவை அல்ல, வரிசையையும் கெட்டித்தன்மையையும். வேளைக்கு உட்கார்ந்தவுடன் கெட்டியான புரதம், பிறகு காய்கறி, இடம் இருந்தால் மாவுச்சத்து. இறைச்சி அடைக்கிறது என்றால் சிறு துண்டாக நறுக்கி, ஈரப்பதத்தோடு சமைத்து, இருபது நிமிடத்துக்குக் குறையாமல் மென்று சாப்பிட வேண்டும்; மென்மையான உணவுக்கு மாறுவது இதற்குத் தீர்வு ஆகாது. நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் வரை புரதம் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம் என்பதை வைத்துப் பார்த்தால், திட்டமிடாமல் அந்த அளவை எட்டுவது கடினம் என்பது தெரியும். தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் அரைமணி நேரம் தள்ளிக் குடியுங்கள். இனிப்பிட்ட பானங்களும் பழச்சாறும் எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே போகும் கலோரி என்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். மதுவும் அப்படியே, அதில் இன்னொரு கவலையும் சேர்கிறது. இந்த அறுவை சிகிச்சைகளுக்குப் பின் மது இரத்தத்தில் வேகமாகவும் அதிகமாகவும் ஏறுகிறது. பைபாஸ் செய்துகொண்டவர்களில் மதுப்பழக்கச் சிக்கல் இரண்டாம் ஆண்டு முதல் கூடுவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

எடை பார்ப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சிறிய ஏற்றத்தைச் சிறியதாக இருக்கும்போதே பிடிக்கும் வழி அதுதான். ஏற்றம் தொடங்கியதும் பலரும் எடை இயந்திரத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறார்கள். பிறகு துணி இறுக்கமாகும்போதுதான் பார்க்கிறார்கள். அதற்குள் எட்டு கிலோ ஆகியிருக்கும். 2006-ல் வெளியான ஓர் ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. உடல் எடையில் பத்து விழுக்காட்டையாவது இழந்த 314 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து, இரண்டு குழுக்களுக்கு நாள்தோறும் எடை பார்த்துத் தம்மைத் தாமே திருத்திக்கொள்ளும் முறையைக் கற்பித்தார்கள். தொடக்க எடைக்கு அருகில் இருந்தால் பச்சை, சற்று ஏறினால் மஞ்சள், 2.3 கிலோ அல்லது அதற்கு மேல் ஏறினால் சிவப்பு. ஒவ்வொரு நிறத்துக்கும் செய்ய வேண்டியது முன்கூட்டியே முடிவாகியிருக்கும். பதினெட்டு மாத முடிவில் அந்தச் சிவப்புக் கோட்டைத் தாண்டியவர்கள், செய்திமடல் மட்டும் பெற்ற குழுவில் 72.4 விழுக்காடு, நேரில் கூடிக் கற்ற குழுவில் 45.7 விழுக்காடு. அவர்கள் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கான ஆய்வில் இருந்தவர்கள் அல்லர், ஆனாலும் அந்த முறையை நம்மவர்களுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் அனுபவம்.

உங்களுக்கு அடிக்கோடு 78. ஒன்றரை கிலோ வரை மேலே கீழே ஆடுவது பொருட்டல்ல. உப்பு, மலச்சிக்கல், மாதவிடாய், புதிதாகத் தொடங்கிய உடற்பயிற்சி என்று எதுவும் ஓரிரு கிலோ நீரைப் பிடித்து வைக்கக்கூடும். காலையில் கழிவறை சென்று வந்தபின், எதுவும் சாப்பிடுவதற்கு முன், அதே இயந்திரத்தில் பார்த்து, வாரத்தின் சராசரியை மட்டும் எழுதிவையுங்கள். தொடர்ந்து இரண்டு வாரச் சராசரி 80-ஐத் தாண்டினால் அன்றே குறிப்பேட்டைத் திறந்துவிட வேண்டும் என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். இந்த எட்டு மாதங்களில் அந்த நாள் எப்போது கடந்தது என்று உங்களுக்கு நினைவில்லை. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த ஒரு வரிதான். எடை பார்ப்பதே மனத்தைக் குலைத்து, பார்த்த நாளில் சாப்பிடாமல் இருப்பதும் மறுநாள் கட்டுமீறிச் சாப்பிடுவதுமாகப் போகிறது என்றால், இந்த முறை உங்களுக்கு ஆகாது. அந்த நிலையில் முதலில் பார்க்க வேண்டியவர் உளவியலாளர்.

உடற்பயிற்சி எடையைக் குறைப்பதில் சுமாரான துணை, குறைந்த எடையைக் காப்பதில் நல்ல துணை. வாரம் 150 நிமிடத்தில் தொடங்கி 300 நிமிடத்தை நோக்கி நகரும் மிதமான நடையும், வாரம் இரண்டு மூன்று முறை தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் தேவை. 44 கிலோ இறங்கியபோது கொழுப்போடு தசையும் போயிருக்கிறது என்பதால் இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். தூக்கத்தைக் குறைத்துக்கொண்டவர்களுக்குப் பசி கூடுவதும் உண்மை.

உணவிலும் அசைவிலும் ஒன்றும் மாறவில்லை என்று குறிப்பேடே சொன்னால், மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஸ்டீராய்டு, இன்சுலின், சில நீரிழிவு மாத்திரைகள், மனச்சோர்வுக்கும் மனநோய்க்கும் தரப்படும் மருந்துகளில் சில, வலிப்புக்கான வால்ப்ரோயேட், நரம்பு வலிக்கான காபாபென்டின், பிரகாபலின் ஆகியவை எடையைக் கூட்டக்கூடியவை. கடந்த ஓராண்டில் இவற்றில் ஒன்று புதிதாகச் சேர்ந்திருந்தால், தாமாக நிறுத்திவிடாமல், மாற்று உண்டா என்று எழுதித் தந்த மருத்துவரிடமே கேளுங்கள். தைராய்டு குறைபாடு, மாதவிடாய் நிற்றல், புகைப்பழக்கத்தை நிறுத்துதல், மூட்டு வலியால் நடை குறைதல் எல்லாம் இதே கணக்கில் சேரும். சாப்பிட்டு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வியர்வையும் நடுக்கமும் வந்து, இனிப்பு சாப்பிட்டால் சரியாகிறது என்றால் அது சர்க்கரை தாழும் கோளாறாக இருக்கலாம். அதைச் சரிசெய்ய இனிப்பைத் தேடி, இனிப்பே அடுத்த தாழ்வைக் கொண்டுவரும் சுழலில் எடை ஏறியவர்கள் உண்டு. இதற்குத் தனி மருத்துவம் இருக்கிறது.

ஆண்டுப் பரிசோதனைக்கு மூன்று ஆண்டுகளாகப் போகவில்லை, எடையைக் காட்டக் கூச்சமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதை நான் ஐந்து கிலோவைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். இரும்புச்சத்து, வைட்டமின் பி12, வைட்டமின் டி, கால்சியம் ஆகியவற்றின் குறை வாழ்நாள் முழுவதும் தலைகாட்டக்கூடியது. இரும்பு குறைந்தவர் மாடி ஏறவே மூச்சு வாங்குவார், அசைவு குறையும், எடை ஏறும், கூச்சம் கூடும், பரிசோதனை மேலும் தள்ளிப்போகும். இரத்தப் பரிசோதனைக்குப் போவதற்கு எடை குறைந்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

செய்யக்கூடாததில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பத்து நாள் திரவ உணவில் இருந்தால் இரைப்பை பழைய அளவுக்குச் சுருங்கிவிடும் என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. இரைப்பை அப்படிச் சுருங்குவதில்லை. அந்தப் பத்து நாளில் குறையும் மூன்று கிலோவில் பெரும்பங்கு நீரும் உடலில் சேமிப்பாக இருந்த மாவுச்சத்தும். புரதம் போதாவிட்டால் தசையும் சேரும். பதினோராம் நாள் திரும்பி வருவதைப் பார்த்துத் தன்னையே வெறுப்பதுதான் மிஞ்சும்.

மறு அறுவை சிகிச்சை இப்போது உங்களுக்குத் தேவைப்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. ஸ்லீவைப் பைபாஸாக மாற்றுவதற்கு வலுவான காரணம், மருந்துக்குக் கட்டுப்படாத கடுமையான அமில எதிர்க்களிப்பு, அதாவது இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்குள் மேலேறுவது. எடைக்காக மட்டும் செய்யும்போது பலன் முதல் முறையைவிடக் குறைவு, சிக்கல் வாய்ப்பு அதிகம். அதற்கு முன் மருந்து என்ற படி இப்போது இருக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பின் போதிய எடை குறையாதவர்களுக்கு, ஜிஎல்பி-1 போலவே வேலை செய்யும் லிராகுளுடைட் ஊசியை 24 வாரம் தந்து பார்த்து 2023-ல் வெளியிட்ட ஆய்வில், ஊசி பெற்றவர்கள் எடையில் 8.8 விழுக்காடும், மருந்தில்லாத வெற்று ஊசி பெற்றவர்கள் 0.5 விழுக்காடும் இழந்தார்கள். செமாகுளுடைட், டிர்செபடைட் ஆகியவையும் இந்தச் சூழலில் எழுதப்படுகின்றன. நிறுத்தினால் எடை திரும்பும் மருந்துகள் இவை என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்க வேண்டும். சாப்பிடும் அளவு மேலும் சுருங்குவதால் புரதமும் வைட்டமினும் குறையாமல் யாராவது கண்காணிக்கவும் வேண்டும்.

இதற்கெல்லாம் முன்பாக ஆறு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று நாள் எதையும் மாற்றாமல், விளிம்பில் எழுத வேண்டியதையும் சேர்த்து எழுதுங்கள். பிறகு அந்த விளிம்பிலிருந்து நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்றை மட்டும் எடுத்துவிட்டு, வேளை உணவின் வரிசையைச் சரிசெய்து, வாரச் சராசரியைக் குறித்துக்கொண்டே வாருங்கள். ஆறாம் வாரத்தில் 81-ஐ ஒட்டி வந்திருந்தால் போகும் வழி சரி. 78-க்கு வர இன்னும் சில மாதங்கள் ஆகும், அவசரம் இல்லை. அசையவே இல்லை என்றால், அல்லது ஏறிக்கொண்டே இருந்தால், குறிப்பேட்டையும் மருந்துச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவக் குழுவிடம் போங்கள். இரத்தப் பரிசோதனைக்கு மட்டும் அந்த ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம். அதை இந்த வாரமே செய்துகொள்ளுங்கள். அடிக்கடி வாந்தி, விழுங்குவதில் புதிதாக வந்த சிரமம், கைகால் மரத்துப்போதல், தள்ளாட்டம், கறுப்பாக மலம் போதல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது எடையைப் பற்றிய விஷயம் அல்ல.